ஆண்மையின் யோக்கியதை

நமது நாட்டில் ஆண்பிள்ளையாகப் பிறந்த ஒருவன் நாற்பது, நாற்பத்தைந்து வயதை எட்டிவிட்டால் அவனுக்குள் ஒரு இரகசியக் கவலை புகுந்து கொள்ளுகின்றது. தலை நரைப்பதும், பல் ஆடுவதும், கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதும் அவனை அவ்வளவாக வருத்துவதில்லை. அவைகளை நாலுபேர் முன்னிலையில் தானே சொல்லிச் சிரித்துக் கொள்ளுவான். ஆனால் "நான் இன்னும் ஆண்பிள்ளைதானா?" என்று தனக்குள் எழும் கேள்வியை மாத்திரம் பெண்ஜாதியிடத்திலும் சொல்லுவதில்லை, கூடப் பிறந்தவனிடத்திலும் சொல்லுவதில்லை. டாக்டரிடம் சொல்லுவதற்கு முன்னால் சாராயம் விற்கிறவனிடத்திலும், ஜோசியனிடத்திலும், லேகியக்காரனிடத்திலும் கைக்காசைக் கொண்டுபோய்க் கொட்டி விடுகின்றான். எலியட் ஜாக்ஸ் என்னும் மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர் 1965-ல் இந்த நடுவயதுத் தடுமாற்றத்திற்கு ஒரு பெயர் வைத்து எழுதினார். அவர் எடுத்துக் கொண்டது ஓவியர்கள், சங்கீதக்காரர்கள், கவிகள் முதலிய பெரிய மனிதர்களின் சங்கதி. நாம் எடுத்துக் கொள்ளுவது கச்சிராயபாளையத்துக் கரும்புத் தோட்டத்திலும், கள்ளக்குறிச்சி அரிசி மில்லிலும், கல்வராயன் மலை மேலும் உடம்பை முதலாக வைத்துப் பிழைக்கிறவனுடைய சங்கதி.

இப்படி ஒருவன் கேட்பது தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. கேட்கிற விதந்தான் தலைகீழாய் இருக்கின்றது. "எனக்கு ஆண்மை இருக்கின்றதா?" என்று கேட்கின்றானேயொழிய, "ஆண்மை என்று ஒன்று இருக்கின்றதா? இருந்தால் அது என்ன சாமான்? அதை யார் செய்தார்கள்? அதனால் யாருக்கு லாபம்?" என்று ஒருநாளும் கேட்பதில்லை. எத்தனையோ ஆயிரம் வருஷமாய்த் தாழ்த்தப்பட்டவன் "நான் ஏன் கீழ்ஜாதியாய்ப் பிறந்தேன்?" என்று அழுது கொண்டிருந்தானேயல்லாமல், "ஜாதி என்பது என்ன?" என்று கேட்காமலிருந்தானல்லவா? அதே கதைதான் இதுவும்.

சரி, ஆண்மை என்றால் என்னவென்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். மீசை என்பான் ஒருவன். பிள்ளை பெறுவது, அதிலும் ஆண்பிள்ளை பெறுவது என்பான் இன்னொருவன். சம்பாதிப்பது, பெண்ஜாதியை அடக்கி வைப்பது, எவ்வளவு குடித்தாலும் தள்ளாடாமல் நிற்பது, எழவு வீட்டிலும் அழாமலிருப்பது என்று ஆளுக்கொன்று சொல்லுவார்கள். இவற்றில் மீசையும் பிள்ளையும் நீங்கலாக எது உடம்பைச் சேர்ந்தது? அந்த மீசைக்கு ஆயுள் ஒரு சவரக்கத்தி மட்டும். பிள்ளை விஷயமோ, குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்தில் புருஷன் பக்கத்துக் குறையும் சேர்ந்திருக்கின்றது என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகின்றது. ஆனால் "மலடி" என்கிற சொல்லைத் தெருவில் எத்தனை தடவை கேட்கின்றோம்? அதற்கு ஆண்பாலாக ஒரு சொல்லை எத்தனை தடவை கேட்கின்றோம்? பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் தகப்பனுடைய விந்தேயாகும். அப்படியிருந்தும் பெண் பிறந்தால் ஏச்சு வாங்குகிறவள் யார்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஆண்மை எப்போதும் தனக்குக் கீழ்ப்பட்டவர்களிடத்திலேயே வேலை செய்கின்றது. பண்ணைக்காரர் முன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு நிற்கும்போது அதைக் காணோம். மேஸ்திரி கூலியைக் குறைத்துக் கொடுக்கும்போது காணோம். வாரக் கடன் வசூலுக்கு ஆள் வந்தால் பெண்ஜாதியை வாசலில் நிறுத்திவிட்டுப் புழக்கடை வழியாய் நழுவுகிறபோதும் காணோம். ஆள் போய்விட்டான் என்று தெரிந்தவுடனே, சோறு ஆறிப் போயிற்று என்பதற்காக அது எங்கிருந்தோ வந்து குதிக்கின்றது!

கல்வராயன் மலையை எடுத்துக் கொள்ளுவோம். அங்கே 1976 வரையில் ஜாகீர்தார்கள் அதிகாரம் நடந்தது. நாடு சுதந்தரம் பெற்றுக் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அம்மலைவாசிகளான ஆண்கள் ஜாகீர்தார் குடும்பங்களுக்கு வரி கட்டிக் கொண்டும் வேலை செய்து கொண்டும் இருந்தார்கள். அதைக் குறித்து "நாம் ஆண்பிள்ளைகள்தானா?" என்று எவரும் அவர்களைக் கேட்கத் தூண்டவில்லை. இது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், கீழே சமவெளியில் பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளைக்கு விலை கொடுக்கின்றான். மேலே மலையாளி ஜனங்களுக்குள் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசப் பணம் கொடுப்பது பழைய வழக்கம். கீழே அறுத்துக் கட்டுகிறவளை வாயில் வந்தபடி பேசுகின்றார்கள். மேலே பெண் மறுமணம் செய்து கொள்ளுவது வழக்கத்தில் ஒப்புக் கொள்ளப்பட்ட காரியம். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்குப் பஸ் ஏறிப் போவதற்குள் ஆண்மையின் இலக்கணம் இவ்வளவு மாறிவிடுமானால், அது இயற்கை என்று சொல்லுவது எவ்வளவு பெரிய புரட்டு! (மலை வழக்கமெல்லாம் நல்ல வழக்கம் என்று நாம் சொல்லவில்லை. பரிசப் பணமும் பெண்ணுக்கு விலைதான்.)

இதே கள்ளக்குறிச்சி ஜில்லாவில் உளுந்தூர்ப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்த கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கின்றது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் திருநங்கையர் வந்து அரவானுக்குத் தாலி கட்டிக் கொள்ளுகின்றார்கள். வெளியூர்ப் பத்திரிகைகள் அவர்களைப் படம் பிடிப்பதோடு திருப்தியடைந்து விடுகின்றன. ஆனால் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களும், பெண்ஜாதி பிள்ளைகளோடு வாழும் மீசைக்காரர்களும், வேண்டுதலுக்காக அதே பூசாரி கையால் தாலி கட்டிக் கொள்ளுகின்றார்கள் என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்? ராத்திரி மணமகள், மறுநாள் அழுகளத்தில் தாலியறுத்த கைம்பெண், அதற்கடுத்த நாள் பழையபடி ஏர் ஓட்டும் ஆண்பிள்ளை. ஒருவனுக்கும் ஆண்மை போய்விட்டதாகத் தெரியவில்லை! பக்கத்து வீட்டுக்காரன் "பொட்டை" என்று ஒரு சொல் சொன்னால் அரிவாளைத் தேடுகிறவன், சாமி பேரால் தாலி கட்டிக் கொண்டு குனிந்து நிற்கின்றான். தெருக்கூத்தில் நாற்பது வயது ஆண் திரௌபதி வேஷம் கட்டித் துகில் உரியப்படுகின்றான். ஊரே கண்ணீர் விடுகின்றது. வில்லுக்கு விஜயன் என்று கொண்டாடப்படுகிற அருச்சுனனோ ஒரு வருஷம் முழுதும் பெண்ணுடை உடுத்தி விராடன் மகளுக்கு நாட்டியம் சொல்லிக் கொடுத்ததாகப் பாரதமே சொல்லுகின்றது. போட்டுக் கொள்ளவும் கழற்றவும் கூடியது வேஷமேயொழிய உடம்பாகுமா?

அந்த அரவான் கதையையே பாருங்கள். முப்பத்திரண்டு லட்சணமும் குறைவின்றிப் பொருந்திய ஆண்மகன் அவன். அதற்கு அவனுக்குக் கிடைத்த பரிசு என்ன? யுத்தத்தில் ஜெயிக்க வேண்டியவர்கள் அவன் கழுத்தை அறுத்துக் களப்பலி கொடுத்ததுதான். லட்சணம் குறைந்தவன் பிழைத்துக் கொண்டான்! இக்கதையைக் கட்டினவன் தன்னையறியாமலேயே ஒரு உண்மையைச் சொல்லி விட்டான் என்று நாம் நினைக்கின்றோம்.

ஏனெனில் ஆண்மை பேரால் இன்றைக்கும் களப்பலி நடக்கின்றது. 2015 ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்து மலைகளைச் சேர்ந்த ஏழைகள். கல்வராயன் மலையிலிருந்தும் இந்த வேலைக்கு ஆள் பிடித்துப் போகின்றார்கள் என்பது யாவரும் அறிந்த சங்கதி. மரத்தைக் கடல் கடத்தி விற்றவன் சுடப்படவில்லை. "வீட்டைக் காப்பாற்றாதவன் ஆண்பிள்ளையா?" என்று ஊர் கேட்டதற்குப் பதில் சொல்லப் போனவன் சுடப்பட்டான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை நாம் சொல்ல வேண்டியதில்லை. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். மிகப் பெரும்பாலோர் ஆண்கள், அன்றாடம் மூட்டை தூக்கியும் கூலி வேலை செய்தும் பிழைத்தவர்கள். கோர்ட்டும் போலீஸ் நிலையமும் பக்கத்திலேயே இருக்க, அங்கே சாராயம் விற்றது யார் தயவால் என்பதைத் தனியாக எழுத வேண்டும். செத்தவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் ஒன்று கேட்கின்றோம். இருபது வருஷம் மூட்டை சுமந்தவனுக்கு நாற்பத்தைந்தாவது வயதில் இடுப்பு வலிக்கின்றது, முன்போல் தூக்க முடியவில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் "கிழவனாகிவிட்டாயா?" என்று கேலி, கூலியும் குறைந்துவிடும். சாராயத்தைக் குடித்து வலியை மறைத்துக் கொண்டால் "ஆண்பிள்ளை" என்று பேர். அப்படியானால் அவனை அந்தச் சாராயத்திடம் அனுப்பியதில் இந்தப் பாழும் பேருக்குப் பங்கு இல்லையா? அரசாங்கம் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் கொடுத்தது. உயிரோடிருந்தபோது அவன் இடுப்பு வலிக்கு யாரும் பத்து ரூபாய்க்குத் தைலம் வாங்கிக் கொடுத்தார்களா?

இந்தியா முழுமைக்கும் 2022-ஆம் வருஷத்துச் சர்க்கார் கணக்குப்படி தற்கொலை செய்து கொண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் ஆண்கள் 1,22,724. பெண்களுக்குக் கஷ்டம் குறைவென்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படியிருக்க இத்தனை ஆண்கள் ஏன் சாகிறார்கள்? கடனும் வியாதியும் குடும்பத் தகராறும் காரணம் என்று கணக்கு சொல்லுகின்றது. அவற்றோடு, அழுதால் கேவலம், உதவி கேட்டால் கேவலம், பெண்ஜாதி சம்பாத்தியத்தில் சாப்பிட்டால் கேவலம் என்று பிறந்தது முதல் போதித்து வைத்ததையும் சேர்த்துக் கொள்ள வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

நிற்க, இந்தப் பயத்தைக் காசாக்குகிற கூட்டத்தின் யோக்கியதையைக் கவனிப்போம். பஸ் நிலையத்துச் சுவரிலும், பத்திரிகையின் மூலையிலும், இப்போது டெலிவிஷனிலும் செல்போனிலும் ஒரே கூச்சல். "பரம்பரை வைத்தியர் மாதந்தோறும் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் தங்குவார், இழந்த ஆண்மையைத் திரும்பப் பெறலாம்" என்கின்றான். இழந்த பசுமாட்டைத் திரும்பப் பெறுவதற்குக் கூட போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்க, ஆண்மையை மாத்திரம் லாட்ஜ் அறையில் திரும்பப் பெறலாமாம்! இவன் முதலில் செய்கிற வேலை மருந்து கொடுப்பதல்ல, பயம் கொடுப்பதுதான். நாற்பது சொட்டு இரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து ஆகின்றது என்றும், இளமையில் அதை வீணாக்கியதால்தான் இன்றைக்கு இந்தக் கதி என்றும் பயமுறுத்துகின்றான். இது முழுப் பொய். விந்து எச்சிலைப் போலவும் வேர்வையைப் போலவும் உடம்பு சதா உண்டாக்கிக் கொண்டிருக்கிற ஒரு நீர். இந்த வீண் பயத்தையே ஒரு மனோ வியாதியாக வைத்து டாக்டர் விக் என்பவர் 1960-லேயே "தாத்" என்னும் பேரால் எழுதினார். வியாதி விந்துவில் இல்லை, பயத்தில் இருக்கின்றது.

காம சக்தியை விருத்தி செய்வதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்து மருந்து, மந்திரப் பரிகார விளம்பரச் சட்டம் தடுக்கின்றது. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரையில் சிறை உண்டு. சட்டம் எழுபது வருஷமாய் இருக்கின்றது. விளம்பரமும் எழுபது வருஷமாய் இருக்கின்றது. 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்துப் பார்த்ததில் 14-ல் ஈயம், பாதரசம், பாஷாணம் இவைகளில் ஏதாவதொன்று இருந்ததாகக் கண்டார்கள். மூலிகை என்று விற்கப்படும் வீரிய மாத்திரைகள் சிலவற்றில் இங்கிலீஷ் மாத்திரையையே பொடி செய்து கலந்திருந்ததும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைக்கிறவன் இதைத் தெரியாமல் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

இது தமிழன் மூடத்தனம் மாத்திரமல்ல. 1889-ல் பாரிஸ் நகரத்தில் பிரவுன் செகார் என்கிற பெரிய உடற்கூற்று ஆசிரியர், தமது 72-வது வயதில், நாயின் விதையையும் கினிப் பன்றியின் விதையையும் பிழிந்தெடுத்துத் தமக்குத் தாமே ஊசி போட்டுக் கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று வித்துவான்கள் சபையில் பிரசங்கம் செய்தார். ஐந்து வருஷத்தில், 1894-ல், செத்துப் போனார். பிறகு வோரனாப் என்பவர் குரங்கின் விதையைத் துண்டு செய்து பணக்காரக் கிழவர்களுக்கு வைத்துத் தைத்தார். நமது புராணக்காரர்களோ இவர்களையும் மிஞ்சி விட்டார்கள். யயாதி மகாராஜனுக்குக் கிழத்தனம் வந்ததும் பெற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு "உன் இளமையை எனக்குக் கொடு" என்று ஒவ்வொருவனாய்க் கேட்டானாம். கொடுக்க மறுத்த பிள்ளைகளுக்குச் சாபம். கொடுத்த புருவுக்கு ராஜ்யம். இந்தப் பேராசைக்காரக் கிழவனைக் கோமாளி என்று சொல்ல வேண்டியதிருக்க, புண்ணிய புருஷன் என்று வாசிக்கின்றார்கள்.

இனி உண்மை என்ன? ஆணின் உடம்பில் ஊறும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சத்து முப்பது, நாற்பது வயதிற்கு மேல் வருஷத்துக்குச் சுமார் நூற்றில் ஒரு பங்கு வீதம் குறைந்து கொண்டு வருகின்றது. பெண்களுக்குத் தீட்டு நிற்பது போல் இது ஒரேயடியாய் நிற்பதில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 40 முதல் 70 வயது வரையிலுள்ள ஆண்களைக் கேட்டறிந்து 1994-ல் வெளியிட்ட கணக்கில் 100-க்கு 52 பேருக்குக் கொஞ்சமாகவோ அதிகமாகவோ விறைப்புக் குறைவு இருந்தது. பாதிப்பேருக்கு மேல் உள்ளதை ஒருவன் "எனக்கு மாத்திரம் வந்த கேவலம்" என்று நினைத்துத் தூக்குக் கயிற்றைப் பார்ப்பதைவிட அநியாயம் உண்டா?

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று. இந்தக் குறைவு பல பேருக்குச் சர்க்கரை வியாதியும், இரத்தக் கொதிப்பும், இரத்தக் குழாய் அடைப்பும் உள்ளே வேலை செய்வதற்கு முன் அறிவிப்பாக வருகின்றது. உறுப்புக்குப் போகும் குழாய் சிறியது, இருதயத்துக் குழாய் பெரியது. சிறியது முதலில் அடைபடும். 2023-ல் வெளிவந்த ஆராய்ச்சிப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. ஆகவே இந்தக் குறையோடு வருகிறவனுக்கு முதலில் செய்ய வேண்டியது இரத்தத்தைச் சோதிப்பதேயாகும். லாட்ஜ் வைத்தியன் இதைச் செய்வதில்லை. லேகியத்தைக் கொடுத்து ஆறு மாதத்தைக் கடத்தி விடுகின்றான். அதற்குள் மாரடைப்பு வந்துவிட்டால் லேகியக்காரனைக் கேட்பாரில்லை; விதி என்று சொல்லி எடுத்து விடுகின்றார்கள். உண்மையான மருந்தும் இருக்கத்தான் இருக்கின்றது. நெஞ்சு வலிக்காகச் செய்து பார்த்த ஒரு மருந்து இதற்கு உதவுவதைக் கண்டு 1998-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதித்தார்கள். அதை டாக்டர் சொல்லி வாங்க வேண்டும்.

நிற்க, உடம்பில் ஒரு குறையும் இல்லாதவனுக்கும் இக்கவலை வருகின்றதே, ஏன்? மகன் தோளுக்கு மேல் வளர்ந்து எதிர்த்துப் பேசுகின்றான். மகள் காலேஜில் படித்துத் தகப்பனைவிடத் தெரிந்தவளாகின்றாள். பெண்ஜாதியின் கைக்கும் காசு வருகின்றது. 2005-ஆம் வருஷத்துச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2023 செப்டம்பர் முதல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அவர்கள் பேரிலேயே பாங்கியில் விழத் தொடங்கியது. இதைக் கண்டு டீக்கடையில் உட்கார்ந்து "நாட்டில் ஆம்பளைக்கு மதிப்புப் போயிற்று" என்று புலம்புகிறவர்களை நாம் கண்ணால் பார்க்கின்றோம். ஐயா, உமக்கு மதிப்பு இருந்ததே மற்றவள் கையில் காசில்லாததனால்தானா? அப்படியானால் அது போனது யாருக்கு நஷ்டம்?

பெரியார் அவர்கள் ஆண்மை அழிந்தாலொழியப் பெண்ணுக்கு விடுதலையில்லை என்று 1928-ல் "குடிஅரசு" பத்திரிகையில் எழுதினார், பிறகு அது "பெண் ஏன் அடிமையானாள்?" என்னும் புத்தகத்திலும் ஒரு அத்தியாயமாயிற்று. எழுதியபோது அவருக்கு வயது 48. மற்றவர்கள் லேகியம் தேடுகிற வயதில் அவர் அந்தச் சொல்லையே வேரோடு பிடுங்கப் பார்த்தார். அதைப் பெண்களுக்காகச் சொன்னது என்றே நமது தோழர்கள் பலர் எண்ணிக் கொண்டிருக்கின்றார்கள். ஆண்களுக்காகவும் சொன்னதாகவே நாம் கொள்ளுகின்றோம். மேடையில் அதைப் பேசிவிட்டுத் தன் வீட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றதும் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற தோழர்களும் உண்டு. 2019-21-ல் எடுத்த குடும்ப நலக் கணக்குப்படி இந்தியாவில் கருத்தடை ஆபரேஷன் செய்து கொண்ட பெண்கள் 100-க்கு 37.9, ஆண்களோ 100-க்கு 0.3! ஆணுக்குச் செய்வது சிறிய காரியம், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, காம சக்தியில் ஒன்றும் குறைவதில்லை. அப்படியிருந்தும் "ஆண்மை போய்விடும்" என்ற பயத்திற்காக ஒரு பெண்ணின் வயிறு கிழிக்கப்படுகின்றது.

இன்னொரு வகையாரும் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்வி பலம் குறைந்துவிட்டதே என்பதல்ல. தாம் ஆண் அல்லவென்றோ, தம்முடைய ஆசை பெண்ணைப் பற்றியதல்லவென்றோ உள்ளூர அறிந்து, ஊருக்குப் பயந்து கலியாணம் செய்து கொண்டு, நாற்பது வயதில் இனியும் பொய் வாழ்க்கை முடியாது என்று திணறுகிறவர்கள். இவர்களுக்கு மந்திரிப்பதும், சாட்டையடியும், இன்னொரு கலியாணமும் வைத்தியமாகாது. இது வியாதியே அல்ல. 2014 ஏப்ரல் 15-ல் சுப்ரீம் கோர்ட்டார் தன் பால் எது என்று தானே சொல்லிக் கொள்ளும் உரிமையை ஒப்புக் கொண்டார்கள். 2018 செப்டம்பர் 6-ல் ஒரே பாலார் மனமொத்து வாழ்வது குற்றமல்லவென்று தீர்ப்புச் சொன்னார்கள். கூவாகத்தில் ஒருநாள் கும்பிட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் கல்லெறிகிற ஜனங்களுக்கு இத்தீர்ப்புகள் இன்னும் போய்ச் சேரவில்லை. இப்படிப்பட்டவனுக்கு மனைவியாய் வந்த பெண்ணும் ஏமாற்றப்பட்டவளே. அவளிடத்தில் உண்மையைச் சொல்லி, அவளுக்கும் வேறு வாழ்வு தேடிக்கொள்ள வழிவிடுவதே நாணயமாகும்.

ஆகவே நாற்பதைத் தாண்டிய நமது தோழர்களுக்குச் சொல்லுகின்றோம். கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022 முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கின்றது. அங்கே இரத்தம் பார்க்கவும், மனக்கவலைக்கு யோசனை கேட்கவும் காசு வேண்டியதில்லை. போகும்போது பெண்ஜாதியையும் அழைத்துப் போங்கள்; நீங்கள் மறைத்து வைத்திருப்பதாக எண்ணுகிற சங்கதியில் பாதி அவளுக்கு ஏற்கனவே தெரியும். மலையில் இருக்கிறவர்களுக்கு அவ்வளவு தூரம் இறங்கி வருவது கஷ்டமென்றால், 2021-ல் ஏற்பட்ட திட்டப்படி இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கு வீடு வருகிற பெண் ஊழியர் வரும் நாளைக் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். அவர் வருகிற சமயத்தில் புழக்கடை வழியாய்ப் போய்விடாதீர்கள்.